வேலூர் வெயிலுக்கு கொத்தமல்லியா, புதினாவா?

சத்துவாச்சாரியில் எங்கள் மொட்டை மாடியில் இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாயிற்று. ஒரே ஒரு தொட்டிக்குத்தான் இடம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு புதினாவை வையுங்கள்.

கொத்தமல்லி பார்க்கத்தான் சுலபம். மளிகைக் கடைத் தனியாவையே செருப்புக் காலால் லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்து (ஒவ்வொன்றிலும் இரண்டு விதை இருக்கிறது), ஒரு ராத்திரி ஊறவைத்து, நேராகத் தொட்டியிலேயே தூவ வேண்டும்; ஆணிவேர்ச் செடி என்பதால் பிடுங்கி நட்டால் சுணங்கிவிடும். முளைக்க 10 நாள், பறிக்க 40 நாள். அடைமழையில் நாற்று சாய்ந்து அழுகும், அதனால் கார்த்திகை மழை ஓய்ந்தபின் தூவினால் தை, மாசி வரை ரசத்துக்குக் கவலையில்லை. பங்குனி பிறந்தால் போச்சு. நம்ம ஊர் வெயில் 40 டிகிரியை நெருங்கும்போது செடி இலை விடுவதை விட்டுவிட்டு, தண்டை நீட்டி வெள்ளைப் பூ வைத்துவிடும். போன சித்திரையில் ஆசையாகத் தூவிய தொட்டி ஒரு சட்னிக்குக்கூடத் தேறவில்லை, வீட்டில் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

புதினாவுக்கு விதையே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கு வாங்கிய கட்டில் இலையை ஆய்ந்தபின் மிஞ்சும் தடித்த தண்டைக் கணுவுக்குக் கீழே வெட்டி, டம்ளர் தண்ணீரில் நிறுத்தினால் பத்து நாளுக்குள் வேர் விடும். படர்கிற செடி, அதனால் ஆழத்தைவிட அகலமான தொட்டி நல்லது. அதே தொட்டியில் வேறு எதையும் வைக்காதீர்கள், நெருக்கி அமுக்கிவிடும். கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும். ஆனால் கத்திரி வெயிலை இதுவும் நேராகத் தாங்காது. தண்ணீர் டேங்கின் கிழக்குப் பக்கம் வைத்தால் காலை வெயிலும் மதிய நிழலும் கிடைக்கும், எங்கள் வீட்டில் அங்கேதான் பிழைத்தது. போர் தண்ணீர் உப்பு என்றால் இலை ஓரம் கருகும். ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பிடித்து ஊற்றுகிறேன், அதில் உப்பு கிடையாது. வருஷத்துக்கு ஒருமுறை தொட்டி முழுக்க வேர் அடைத்து இலை சிறுத்துப்போகும், அப்போது நுனித் தண்டை வெட்டி வேறு மண்ணில் நட்டால் சரி.

பிரியாணிக்கு இரண்டும் வேண்டுமே என்றால், கொத்தமல்லி காய்கறிக்காரரிடம் கொசுறாகவே கிடைக்கும். கோடையில் விலை ஏறினால் அவர் கையை இழுத்துக்கொள்வார், அது வேறு விஷயம்.