ஆறு நாள் சேறும் 81,000 கிலோமீட்டரும்: என் எஸ்யூவியோடு நாலு வருடம்

என் வண்டியில் கியர் லீவருக்குப் பின்னால் ஒரு திருகு இருக்கிறது. அதை ‘ஃபோர் லோ’வில் வைத்தால் நாலு சக்கரமும் இழுக்கும், வேகம் குறைந்து பலம் கூடும். நாலு வருடத்தில் அதை அங்கே வைத்தது பதினொரு தடவை. குத்துமதிப்பாகச் சொல்லவில்லை. டீசல் கணக்கு எழுதும் நோட்டில் அதையும் குறித்து வருகிறேன். ஆறு தடவை தோட்டத்துச் சேற்றில், மூன்று தடவை அடுத்தவர் வண்டியை இழுக்க, இரண்டு தடவை சும்மா பையனுக்குக் காட்ட. இதே நாலு வருடத்தில் வண்டி ஓடியது 81,000 கிலோமீட்டர்.

காரைக்குடியில் வீடு. ஆத்தங்குடித் தரைக் கல் வியாபாரம். மாதத்துக்கு ஒரு தடவையாவது சாம்பிள் கற்களோடு சென்னை போக வேண்டும். திருமயம், புதுக்கோட்டை, கீரனூர் வழியாகத் திருச்சி போய், அங்கிருந்து நாலு வழிச்சாலையில் ஏறினால் ஒரு பக்கமே 400 கிலோமீட்டருக்கு மேல். அப்புறம் கானாடுகாத்தான் பக்கம் கொஞ்சம் முந்திரியும் மாமரமும் இருக்கின்றன. தார் ரோட்டை விட்டு இறங்கி இரண்டரை கிலோமீட்டர் போக வேண்டும். 2021-இல் வண்டி பார்த்தபோது என் மனதில் நின்றது அந்த 400 இல்லை, இந்த இரண்டரைதான். அதற்காகவே லேடர் ஃபிரேம், டீசல், ஃபோர் வீல் டிரைவ் என்று தேடி, இரண்டு வருடம் ஓடிய வண்டியைப் பழையதாக வாங்கினேன். எந்தக் கம்பெனி என்று சொல்லவில்லை. நான் சொல்லப்போகும் குறைகள் ஒரு கம்பெனியுடையவை அல்ல, அந்த வகை வண்டிக்கே உரியவை.

மதுரையில் இருக்கும் மச்சான் அதே வருடம் மோனோகாக் வண்டி வாங்கினார். முன் சக்கரம் மட்டும் இழுக்கும், ஏறக்குறைய என் வண்டியின் நீளம்தான். இரண்டு மார்கழியில் பத்துப் பத்து நாள் வண்டியை மாற்றி ஓட்டிப் பார்த்தோம். இந்தக் கணக்கு அதனால்தான் எழுத முடிகிறது. ஷோரூம்காரர் கூட்டிப்போகும் ஐந்து கிலோமீட்டர் டெஸ்ட் டிரைவில் இதில் ஒன்றுமே தெரியாது.

இரண்டு வகைக்கும் உள்ள வித்தியாசத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லேடர் ஃபிரேம் என்பது ஏணி மாதிரி ஒரு இரும்புச் சட்டம். அதன் மேல் பாடியை ரப்பர் புஷ் வைத்து முடுக்கியிருப்பார்கள். மோனோகாக்கில் பாடியே சட்டம். மஹிந்திராவின் இரண்டு வண்டிகளை எடுத்துக்கொண்டால் எளிதாகப் புரியும். 2021-இல் வந்த எக்ஸ்யூவி700, 2022-இல் வந்த ஸ்கார்ப்பியோ-என் இரண்டிலும் 2.2 லிட்டர் டீசல் எஞ்சின் உண்டு. இரண்டுக்கும் வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் உள்ள தூரம், 2,750 மி.மீ. ஆனால் முதலாவது மோனோகாக். தேவைப்படும்போது பின் சக்கரத்துக்கும் பலம் அனுப்பும் ஆல் வீல் டிரைவ் அதில் கிடைத்தது, லோ கியர் கிடையாது. இரண்டாவது லேடர் ஃபிரேம், அதன் ஃபோர் வீல் மாடலில் லோ கியர் உண்டு. ஒரே கம்பெனி, ஒரே அளவு எஞ்சின் வைத்து இரண்டு விதமான ஆட்களுக்கு இரண்டு வண்டி செய்திருக்கிறது. நாம் எந்த ஆள் என்பதுதான் கேள்வி. நான் என்னைத் தப்பாக எடை போட்டிருந்தேன்.

சொகுசை அளக்க என்னிடம் ஒரு கருவி இருக்கிறது, ஆத்தங்குடிக் கல். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்ட் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. சூளையில் சுடுவதில்லை, அதனால் ஓரம் சீக்கிரம் மூளியாகும். வைக்கோல் வைத்த மரப்பெட்டியில் பதினாறு கல் அடுக்கி நான் மட்டும் ஓட்டிப் போனால், என் வண்டியில் சென்னை சேர்வதற்குள் ஒன்றிரண்டு மூளியாகியிருக்கும். மச்சான் வண்டியில் மூன்று நடை போனேன், ஒன்றுகூட மூளியாகவில்லை. அதைவிட வேடிக்கை, குடும்பத்தோடு ஏழு பேர், பெட்டி படுக்கை எல்லாம் ஏற்றிப் போனால் என் வண்டியிலும் கல் பத்திரமாக இருக்கிறது.

காரணம் பின்பக்கம்தான். கனமான ஒற்றை ஆக்சில், ஏழு பேர் பாரத்துக்கு என்று கட்டிய ஸ்பிரிங். ஆள் இல்லாதபோது ஸ்பிரிங் அமுங்க மாட்டேன் என்கிறது, பாலத்து இணைப்புகளில் பின்பக்கம் கன்றுக்குட்டி மாதிரி துள்ளுகிறது. மச்சான் வண்டியிலோ அந்த இணைப்புகள் டயர் சத்தமாகத்தான் காதில் விழும், முதுகுக்கு வராது.

ஆனால் பெரிய பள்ளத்தில் நிலைமை தலைகீழ். எங்கள் பக்கத்து ஊர் ரோடுகளில் திடீரென்று முளைக்கும் வேகத்தடைகளையும், குழாய் பதித்துவிட்டு மூடாமல் போன குழிகளையும் என் வண்டி சட்டையே செய்யாது. மச்சான் வண்டி அங்கே ‘டம்’ என்று ஒரு சத்தம் போட்டு நம் வயிற்றைக் கலக்கும். எனவே ‘ரோட்டுக்கு மோனோகாக்’ என்று ஒரே போடாகப் போட முடியாது. எந்த ரோடு என்று கேட்க வேண்டும். கொடைக்கானல் மலைப்பாதையில் மட்டும் போட்டியே இல்லை. உயரமும் கனமும் சேர்ந்து என் வண்டி ஒவ்வொரு வளைவிலும் சாய்ந்து எழும். போகும்போதும் வரும்போதும் பையன் வாந்தி எடுத்தான்.

அப்பத்தாவுக்கு 84 வயது. எங்கள் வீட்டு முகப்புக்குத் தெருவிலிருந்து ஏழு படி. அதில் தினமும் ஏறி இறங்குகிறவர் இந்த வண்டியைப் பார்த்த அன்றே, “ஏறுறதுக்கு ஏணி எங்கப்பா?” என்று கேட்டார். வண்டி ஏணிச் சட்டத்தின் மேல்தான் நிற்கிறது என்று நான் சொன்ன பகடி அவரிடம் எடுபடவில்லை. முதல் ஆறு மாதம் மரமுக்காலி ஒன்று எப்போதும் டிக்கியில் கிடந்தது. அப்புறம் பக்கவாட்டில் மிதிபலகை போட்டேன். அப்பத்தாவுக்கு வசதியாயிற்று. ஆனால் தோட்டத்துக்குப் போகிற வழியில் கண்மாய்க் கரை மேல் ஏறி இறங்கும் மேட்டில், அதுவரை தட்டாத வண்டி மிதிபலகை தட்டி நின்றது. வண்டியின் வயிற்றுக்கடியில் இருக்கும் இடைவெளி எவ்வளவு முக்கியம் என்று அன்றுதான் புரிந்தது. இதில் இன்னொன்று. விளம்பரத்தில் போடும் கிரவுண்ட் கிளியரன்ஸ் வெறும் வண்டிக்கா, ஆள் ஏறிய வண்டிக்கா என்று கேளுங்கள். 2023 ஜூலையில் ஜிஎஸ்டி கவுன்சிலே, எஸ்யூவிகளுக்கு அப்போது இருந்த கூடுதல் வரிக்கான (செஸ்) 170 மி.மீ. அளவை ஆள் ஏறாத வண்டியில்தான் பார்க்க வேண்டும் என்று தெளிவுபடுத்தியது. ஏழு பேர் உட்கார்ந்தால் எந்த வண்டியும் கொஞ்சம் தாழத்தான் செய்யும்.

இனி அந்த இரண்டரை கிலோமீட்டர். முதல் இரண்டு கிலோமீட்டர் செம்மண்ணும் சரளையும். மழை பெய்தாலும் தண்ணீர் சீக்கிரம் வடிந்துவிடும், தரை இறுகிக் கிடக்கும். நிதானமாக ஓட்டினால் மச்சான் வண்டியே போகிறது. ஐயா வைத்திருந்த அம்பாசடரும் இதில்தான் போய்வந்தது. கடைசி அரை கிலோமீட்டர்தான் கண்மாய் உள்வாய் ஓரம். அங்கே வண்டலும் களிமண்ணும். ஐப்பசி, கார்த்திகையில் அது வெண்ணெய்.

வாங்கிய முதல் ஐப்பசியிலேயே அங்கே மாட்டினேன். வேகம் குறையாமல் நாலு சக்கரமும் இழுக்கும் ஃபோர் ஹை போட்டேன், ஃபோர் லோ போட்டேன். நாலு சக்கரமும் ஒற்றுமையாகச் சுற்றின, வண்டி மட்டும் நகரவில்லை. டிராக்டர் கொண்டுவந்த தம்பி குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “நாலு சக்கரம் சுத்தி என்னண்ணே, டயரு பட்டனெல்லாம் களிமண்ணு அப்பி வழுக்கையாக் கெடக்கு. புடிக்கிறதுக்கு என்ன இருக்கு?” லட்சக்கணக்கில் கூடுதலாகக் கொடுத்து வாங்கிய ஃபோர் வீல் டிரைவ், ரோட்டு டயர் மேல் நின்றுகொண்டிருந்தது. அதன் பிறகு ரோட்டுக்கும் சேற்றுக்கும் பொதுவான, பட்டன் பெரிதான ஏ.டி. (ஆல் டெரெய்ன்) டயர் மாற்றினேன், கையடக்கக் காற்றடிக்கும் மோட்டார் ஒன்றும் வாங்கினேன். சேற்றுக்கு முன்னால் காற்றை இருபதுக்கு இறக்கினால் டயர் அகலமாகப் பதிகிறது. தார் ரோட்டுக்கு வந்ததும் மறக்காமல் ஏற்றிவிட வேண்டும். அதற்கப்புறம் ஒரு தடவைகூட டிராக்டரைக் கூப்பிடவில்லை.

அதற்கும் விலை உண்டு. எண்பதுக்கு மேல் போனால் ஏ.டி. டயர் ரீங்காரம் போடுகிறது. ஈரத் தாரில் பிரேக் பிடித்தால் முன்னைவிடக் கொஞ்சம் தள்ளித்தான் நிற்கிறது. லிட்டருக்கு 12.5 கொடுத்த வண்டி இப்போது 11.4 கொடுக்கிறது. மச்சானுக்கு 16 கிடைக்கிறது. இரண்டரை கிலோமீட்டருக்கு மாட்டிய டயரை 800 கிலோமீட்டர் சத்தத்தோடு சென்னைக்கும் திரும்பியும் உருட்டிக்கொண்டிருக்கிறேன்.

தெரியாமல் செய்த தப்பு ஒன்றையும் சொல்ல வேண்டும். சேற்றிலிருந்து வந்த ஒரு நாள் ஃபோர் ஹையை எடுக்க மறந்து வீடு வரை ஓட்டிவிட்டேன். பின்கட்டு வாசலில் நுழைக்க முழுதாக ஒடித்துத் திருப்பியபோது, யாரோ பின்னால் கயிறு கட்டி இழுப்பது போல வண்டி முரண்டு பிடித்தது. திரும்பும்போது முன் சக்கரங்கள் போகும் தூரம் அதிகம், பின் சக்கரங்கள் போகும் தூரம் குறைவு. இந்த மாதிரி வண்டிகளில் அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டும் டிஃபரன்ஷியல் நடுவில் இல்லை. சேற்றில் டயர் வழுக்கிச் சமாளித்துக்கொள்ளும். காய்ந்த தரையில் அந்த முறுக்கெல்லாம் கியர்பாக்ஸ் மேல்தான் விழும். மோனோகாக் ஆல் வீல் டிரைவில் இந்தத் தொல்லை இல்லை, அது தானாகவே சேர்க்கும், தானாகவே பிரிக்கும்.

இங்கே உண்மையான எதிரி சேறே இல்லை, சீமைக் கருவேல முள். ஃபோர் லோ பதினொரு தடவை என்றேனே, பஞ்சர் பதினான்கு தடவை. பாதைக்கு இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் கிளைகள் பெயின்டில் போட்ட கோலம் தனி. இதற்கு எந்தத் திருகும் உதவாது. பஞ்சர் கிட்டும், ஸ்டெப்னியில் காற்றும், ஒரு அரிவாளும்தான் துணை.

தண்ணீரும் அப்படித்தான். ஒரு கார்த்திகையில் கண்மாய் நிறைந்து கலுங்கில் மறுகால் போய்க்கொண்டிருந்தது. தரைப்பாலத்தின் மேல் முழங்கால் அளவு ஓட்டம். கூட வந்த பையன் “போயிரலாம்ப்பா, நம்மது ஃபோர் பை ஃபோர்” என்றான். ஓடுகிற தண்ணீர் ஓரடி இருந்தாலே சின்னக் கார் மிதக்கத் தொடங்கும், இரண்டடி இருந்தால் எஸ்யூவியையும் தள்ளிவிடும். வண்டியைத் திருப்பிவிட்டேன். உயரமான வண்டியில் உட்கார்ந்தால் வரும் தைரியம் இருக்கிறதே, அதற்குத்தான் முதலில் பிரேக் வேண்டும்.

சரி, அந்த வண்டியால் ஒரு நல்லதும் இல்லையா என்றால், ஒரு ராத்திரி உண்டு. குலதெய்வம் கோயிலில் படைப்பு. பொட்டலில் மழை கொட்டி, அண்டா குண்டாவோடு வந்த சமையல் வேன் அச்சு வரை புதைந்துவிட்டது. இருநூறு பேர் சாப்பாடு அதற்குள். கயிற்றைக் கட்டி, ஃபோர் லோ போட்டு, ஆக்சிலரேட்டரில் காலை வைத்தும் வைக்காமலும் விட்டேன். உழவு மாடு மாதிரி ஒரே சீராக இழுத்து வெளியே போட்டது. அன்றைக்கு எனக்குக் கிடைத்த மரியாதை எந்த மாப்பிள்ளைக்கும் கிடைத்திருக்காது. அந்த ஒரு ராத்திரியை நினைத்தே இரண்டு வருடம் டீசல் செலவைப் பொறுத்துக்கொண்டேன் என்றும் சொல்லலாம்.

இன்று என்னிடம் கேட்டால், என் ஓட்டத்துக்கு மோனோகாக்தான். இருநூறு மி.மீ.க்குக் குறையாத இடைவெளி, தடித்த பக்கவாட்டுள்ள டயர், கிடைத்தால் ஆல் வீல் டிரைவ். மீதி நாளைக்கு டிராக்டர் இருக்கிறது. தினமும் தோப்புக்குள்ளேயே கிடப்பவர், டிரெய்லர் இழுப்பவர், எப்போதும் ஆள் நிறைத்து ஓட்டுபவர் என்றால் என் வகை வண்டியே எடுக்கட்டும், வருத்தப்பட மாட்டார்கள். எதுவானாலும், வீட்டுப் பெரியவரை இரண்டாம் வரிசையில் உட்காரவைத்து அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்காமல் முன்பணம் கட்ட வேண்டாம்.

விற்கிற யோசனை இருந்தது. போன வாரம் மச்சான் போன் செய்தார். அவரும் எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே இரண்டு ஏக்கர் முடித்துவிட்டாராம், ஐப்பசியில் கன்று நட வேண்டுமாம். “மாப்ளே, அந்த மாசம் மட்டும் உங்க வண்டியக் குடுங்க” என்றார். தாராளமாக என்றேன். சென்னைக்கு அனுப்ப வேண்டிய கற்களை இப்போதே பெட்டியில் அடுக்க ஆரம்பித்துவிட்டேன். அவர் வண்டி வந்ததும் ஏற்ற வேண்டியதுதான்.