கொழும்பில் கலியாணம்: மண்டபமா ஹோட்டலா, பூ மணவறையா மர மணவறையா, கூறை எங்கே எடுப்பது?

கலியாணம் நிச்சயமான பிள்ளைகள் போனில் சேர்த்துவைத்த படங்களோடுதான் என்னிடம் வருவார்கள். மேலிருந்து வெள்ளைப் பூ தொங்கும் மணவறை, பீச் நிறச் சாறி, பின்னால் கடல். எல்லாமே அழகான படங்கள்தான். ஆனால் பொம்பிளை வெளிக்கிடுத்துகிறவள், அதாவது மணப்பெண்ணை அலங்கரிக்கிறவள், என்ற முறையில் நான் முதலில் கேட்பது வேறு. கூறை (தாலி கட்டும்போது உடுக்கும் சாறி) மாற்ற எவ்வளவு நேரம் இருக்கிறது, எந்த அறையில் மாற்றப்போகிறீர்கள்?

நம்முடைய சைவக் கலியாணத்தில் பொம்பிளை ஒரு சாறியோடு மணவறைக்கு வருகிறாள். கூறையும் தாலிக்கொடியும் வைத்த தட்டைச் சபைக்குக் கொண்டுபோய்ப் பெரியவர்களின் ஆசி வாங்கி வருகிறார்கள். பிறகு மாப்பிள்ளை கூறையைக் கொடுக்க, தோழியோடு எழுந்துபோய் அதை உடுத்துக்கொண்டு திரும்பி வருகிறாள். அதன் பிறகுதான் தாலி. முகூர்த்தம் யாருக்காகவும் காத்திருக்காது. இடையில் கிடைப்பது பெரும்பாலும் இருபது நிமிடத்துக்கும் குறைவு. இடம், சோடினை, சாறி, நகை என்று எதைத் தெரிவு செய்தாலும் இந்த இருபது நிமிடத்துக்கு அது உதவுமா, இடைஞ்சலா என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மண்டபமா, ஹோட்டலா

பம்பலப்பிட்டியில் சரஸ்வதி மண்டபம், கதிரேசன் மண்டபம் போன்றவை தலைமுறையாக நம்முடைய கலியாணங்களைக் கண்ட இடங்கள். இப்படியான மண்டபங்களில் ஓமப் புகைக்கு யாரும் முகம் சுளிப்பதில்லை. தவில் சத்தத்துக்குக் கூரை உயரம் போதும். பொம்பிளை அறை பெரும்பாலும் மேடைக்குப் பக்கத்திலேயே இருக்கும். எழுந்துபோய்த் திரும்ப ஒரு நிமிடம் ஆகாது. குறைகளும் இருக்கின்றன. வெக்கை இருக்கும். டியூப் லைட் வெளிச்சத்தில் முகம் வெளிறிப்போகும். காலி வீதியிலும் ஒழுங்கைகளிலும் கார் விடுவது பெரும்பாடு. கோயிலோடு சேர்ந்த மண்டபமென்றால் சைவச் சாப்பாடு மட்டும்தான். என்னைக் கேட்டால் அது குறையே இல்லை, வாழையிலைப் பந்திக்கு ஈடு எந்த பஃபேயிலும் கிடையாது.

ஹோட்டலில் குளிர் இருக்கிறது, வாகனம் நிறுத்த இடம் இருக்கிறது, கனடாவிலும் லண்டனிலும் இருந்து வரும் சொந்தக்காரர் தங்க அறையும் இருக்கிறது. வயதானவர்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் முற்பணம் கட்டுவதற்கு முன் மூன்று விஷயங்களைத் தெளிவாகக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். முதலாவது நெருப்பு. மூடிய ஹோலில் புகை உணரும் கருவிகள் இருக்கும், ஆகவே ஓமம் வளர்க்க அனுமதி உண்டா, எந்த அளவுக்கு என்று கேட்கவேண்டும். கற்பூரம் மட்டும் போதும் என்று கடைசி நேரத்தில் சொன்னால் ஐயர் என்ன செய்வார்? இரண்டாவது நேரம். முதல் நாள் இரவு அங்கே வேறொரு விருந்து நள்ளிரவு வரை நடந்தால், உங்கள் சோடினைக்காரர் விடியப்புறம்தான் உள்ளே போகமுடியும். காலை ஏழு மணி முகூர்த்தமென்றால் நினைத்துப் பாருங்கள். மூன்றாவது வெளிக்கிடும் அறை. ஐந்தாம் மாடியில் அழகான அறை தருவார்கள். கூறையும் மாலையும் தாலிக்கொடித் தட்டுமாக லிப்டுக்கு முன்னால் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் அந்த இருபதில் இருந்துதான் கழியும். கீழே ஹோலுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய அறை தரமுடியுமா என்று கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். நாம் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

காசு விஷயத்தில் ஒரு கணக்கு. உதாரணத்துக்கு ஒரு பிளேட் 6000 ரூபா, ‘பிளஸ் பிளஸ்’ என்று சொல்கிறார்கள் என்று வைப்போம். 10% சேவைக் கட்டணம் சேர்ந்தால் 6600. அதன்மேல் 18% வற் வரி சேர்ந்தால் 7788. முந்நூறு பேருக்கு வித்தியாசம் மட்டுமே ஐந்து லட்சத்தைத் தாண்டுகிறது. மண்டபத்தில் வாடகை தனி, சமையல் தனி, கதிரை தனி, ஜெனரேட்டர் தனி என்று தொகை துண்டு துண்டாக வரும், அதனால் மலிவு போலத் தெரியும். இரண்டையும் ஒரே தாளில் கடைசித் தொகையாக எழுதித்தான் ஒப்பிடவேண்டும். போயா (பௌர்ணமி) நாளில் மது கிடையாது என்பதையும் நாள் பார்க்கும்போதே நினைவில் வையுங்கள். முகூர்த்தத்துக்கு அது பொருட்டில்லை. மாலை விருந்துக்கு மாப்பிள்ளையின் நண்பர்கள் கட்டாயம் கேட்பார்கள்.

கடலோரக் கலியாணம் கேட்கிற பிள்ளைகளுக்கு: 1864இல் தொடங்கிய கோல்ஃபேஸ் ஹோட்டலின் கடற்பக்கமும் கல்கிசையின் மவுண்ட் லவினியா மேட்டும் படத்துக்கு எவ்வளவு நல்லவை என்று நான் சொல்லவேண்டியதில்லை. ஆனால் கடற்காற்றில் ஓமத் தீ ஒரு பக்கமாகச் சாயும், பொரியிட்டால் பறக்கும், சாறித் தலைப்பு நெருப்பின் பக்கம் போகும். மே மாதம் தொடங்கி தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும். ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் இடியோடு மழை வரும். கடலை வரவேற்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். வருடம் முழுக்க ஏறத்தாழ ஐந்தே முக்காலுக்கும் ஆறரைக்கும் இடையிலேயே சூரியன் மறையும் ஊர் இது. ஐந்தரைக்குத் தயாராக நின்றால் படமெடுப்பவருக்கு வேறு விளக்கே தேவைப்படாது.

என் முடிவு: முகூர்த்தம் மண்டபத்தில், வரவேற்பு ஹோட்டலில். ஒன்றுக்குத்தான் வசதி என்றால் மண்டபம். நூறு பேருக்குள் அடங்கும் கலியாணம், பெரும்பாலானோர் வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள் என்றால் மட்டும் ஹோட்டலையே முழுவதற்கும் எடுக்கச் சொல்வேன். கோயிலில் தாலி கட்டுவது தனி அழகு. கொச்சிக்கடை பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலின் கருங்கல் தூண்களுக்கு முன்னால் எந்தச் சோடினையும் வேண்டியதில்லை. ஆனால் கூறை மாற்ற வசதியான இடம் இருக்கிறதா என்று முதலில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

மணவறை: மூன்று வகை

கொழும்பில் இப்போது கேட்பவை மூன்று. பொன் பூச்சு அடித்த தூணும் மயிலும் யானையுமாக வாடகைக்கு வரும் செதுக்கு மணவறை ஒன்று. முழுக்கப் பூவால், வெளிர் நிறத்தில் செய்வது இன்னொன்று. மூன்றாவது, பின்னால் ஒரு வெறும் துணி அல்லது சுவர், இரு பக்கமும் குலை வாழை, தென்னங்குருத்து, பித்தளைக் குத்துவிளக்கு, அவ்வளவோடு நிறுத்திக்கொள்வது.

செதுக்கு மணவறை வேகமாகப் பூட்டலாம், விலை முன்கூட்டியே தெரியும், நேரம் குறைந்த இடத்துக்கு அதுதான் கைகொடுக்கும். ஆனால் அரக்குக் கூறையும் கனத்த நகையும் பொன் நிறத் தூணுக்கு முன்னால் வரும்போது பொம்பிளை எங்கே முடிகிறாள், மணவறை எங்கே தொடங்குகிறது என்று படத்தில் பிரியாது. எடுப்பதென்றால் தந்த நிறம் அல்லது மர நிறம் பாருங்கள்.

பூ மணவறை மூன்றிலும் செலவு கூடியது. நுவரெலியாப் பக்கத்திலிருந்து வரும் ரோசாவும் லில்லியும் குளிரில் வளர்ந்தவை. குளிரூட்டாத மண்டபத்தில் மத்தியானத்துக்குள் தலை தொங்கும். இங்கே பதமாக நிற்பது ஓர்கிட், அந்தூரியம், செவ்வந்தி. மண்டபம் எடுத்தால் அவற்றை வைத்தே வரையச் சொல்லுங்கள். ஹோட்டல் குளிர் என்றால் மலைநாட்டுப் பூவுக்குத் துணியலாம். பட்டுப்பூ, நைலோன் திரை இரண்டையும் ஓமகுண்டத்துக்குப் பக்கத்தில் எந்தக் காரணத்துக்கும் வைக்கவிடாதீர்கள். ஒரு பொறி போதும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், காசு மிச்சமாகும். தாலி கட்டும் படத்தை எடுத்துப் பாருங்கள். சட்டகத்துக்குள் வருவது இடுப்பிலிருந்து தலைக்கு மேல் ஓரிரு அடி வரை. எட்டடிக்கு மேலே தொங்கவிடும் பூ பெரும்பாலும் எந்த அல்பத்திலும் வராது. அந்தக் காசைத் தலைக்குப் பின்னால் வரும் இடத்துக்கும், முன்னால் வைக்கும் நிறைகுடம், முளைப்பாலிகை (தானியம் முளைக்கவிட்ட சட்டி), அரசாணி (அரசமரக் கொம்பு) இவற்றின் நேர்த்திக்கும் கொடுங்கள். சடங்குப் பொருட்களே சோடினைதான். மினுக்கிய பித்தளைக் கும்பமும் பச்சைப் பசேலென்ற முளையும் குளோசப்பில் எவ்வளவு அழகு!

அதனால்தான் எனக்கு மூன்றாவது வகை பிடிக்கும். அது ஓமகுண்டத்தைச் சுற்றி வலம்வர இடம் விடுகிறது. ஐயர், பெற்றோர், தோழன், தோழி, படமெடுப்பவர் எல்லோரும் நெருக்கியடிக்காமல் இருக்கலாம். ஒரே ஒரு எச்சரிக்கை. நம்முடைய சடங்கு தெரியாத சோடினைக்காரரிடம் தோரணத்தை விட்டுவிடாதீர்கள். மங்கலத் தோரணத்துக்கும் அமங்கலத் தோரணத்துக்கும் கட்டு வேறு. ஊரிலிருந்து வரும் ஒரு பெரியவரைக் கூட்டிப்போய்க் காட்டினால் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார்.

விளக்கு பற்றி ஒரு சொல். நீலம், ஊதா வெளிச்சம் முகூர்த்த நேரத்தில் வேண்டவே வேண்டாம். மஞ்சள் பூசிய முகம் சாம்பலாகத் தெரியும், அரக்குச் சாறி மண்ணிறமாகும். இளமஞ்சள் வெளிச்சம் மட்டும் போதும் என்று ஹோட்டலிடம் சொல்லிவையுங்கள்.

கூறை: வெள்ளவத்தையா, சென்னையா

கூறை மாப்பிள்ளை வீட்டார் எடுப்பதுதான் முறை. இப்போது பொம்பிளையையும் கூட்டிக்கொண்டு போகிறார்கள், நல்ல மாற்றம். வெள்ளவத்தை காலி வீதியிலோ புறக்கோட்டை மெயின் வீதியிலோ எடுத்தால் சாறியைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பார்க்கலாம், மாமியையும் அம்மாவையும் ஒரே பின்னேரத்தில் சம்மதிக்கவைக்கலாம், பிளவுஸை மூன்று தரம் போட்டுப் பார்த்துத் திருத்தலாம். சென்னை போனால் தெரிவு பல மடங்கு. அங்கிருந்து காஞ்சிபுரம் ஏறத்தாழ 70 கிலோமீற்றர்தான், நெசவாளர் கூட்டுறவுச் சங்கக் கடைகளில் நிதானமாகப் பார்க்கலாம். ஆனால் விமானச் சீட்டு, தங்குமிடம், அவசரத்தில் தைத்த பிளவுஸ் எல்லாம் சேர்ந்தால் ஒரு சாறிக்காகப் போவது கட்டாது. வீட்டில் இன்னும் நாலு பேருக்குச் சாறி, மாப்பிள்ளைக்குப் பட்டு வேட்டி என்று பட்டியல் இருந்தால் போங்கள். எப்படிப் போனாலும் பிளவுஸை இங்கேயே தையுங்கள். கலியாணத்துக்கு முன் உடம்பு மெலியும், தையற்காரர் பக்கத்தில் இருக்கவேண்டும்.

எங்கே எடுத்தாலும் சரிகையைக் கேளுங்கள். அசல் சரிகை என்றால் பட்டு நூலில் வெள்ளி இழை சுற்றி அதன்மேல் பொன் முலாம். சாறி கனக்கும், விலையும் கனக்கும். கரையைத் தனி இழையால், நெய்யும்போதே உடலோடு கோர்த்த கோர்வைச் சாறிக்குக் கரை கெட்டியாக நிற்கும், மடிப்பு அழகாக விழும். உடலெல்லாம் சரிகை இழைத்த சாறி கண்ணாடிப் பெட்டிக்குள் கண்ணைப் பறிக்கும். அவசரத்தில் மடிப்பு எடுக்கும்போது கல்லு மாதிரி விறைத்து நிற்கும். நடுவில் சின்னப் புட்டா (சிறு பூ வேலை), அகலக் கரை என்பதே என் தெரிவு.

நிறத்தில் எனக்கு உறுதியான எண்ணம் உண்டு. கூறை சிவப்பு வழியிலேயே இருக்கட்டும், அரக்கோ குங்குமமோ. லவெண்டர், மின்ட், பீச் எல்லாவற்றையும் முதல் சாறிக்கும் வரவேற்புக்கும் வையுங்கள். வெளிர் நிறத்தில் வந்து சிவப்பில் திரும்பும்போது சபை முழுக்க நிமிர்ந்து பார்க்கும். இரண்டும் ஒரே சாயலில் இருந்தால் மாற்றியதே யாருக்கும் தெரியாது.

முதல் சாறிக்கும் கூறைக்கும் தலையலங்காரமும் நகையும் ஒன்றாகவே இருக்கும்படி பாருங்கள். ஜடைநாகம், நெற்றிச்சுட்டி, அட்டியல் எதையும் கழற்றவேண்டி வரக்கூடாது. பிளவுஸ் மாற்றுவதானால் தலைக்கு மேலால் கழற்றும் வகை வேண்டாம், முன்னாலோ பின்னாலோ கொக்கி இருக்கட்டும். கூறையை முதல் நாளே மடிப்பு எடுத்து அயன் பண்ணிப் பின் குத்தித் தட்டில் வைத்தால் பாதி நேரம் மிச்சம். ஆசி வழங்கும் பெரியவர்கள் விரித்துப் பார்க்காமலிருக்கத் தட்டு கொண்டுபோகிறவரிடம் சொல்லிவையுங்கள்.

நகையும் மிச்சமும்

அழைப்பிதழுக்கு அதிகம் செலவழிக்காதீர்கள். பெரியவர்களுக்கு நேரில் கொடுக்க நல்ல அட்டையில் கொஞ்சம், மற்றவர்களுக்கு வாட்ஸ்அப். காலிமுகத்திடலிலும் சுதந்திரச் சதுக்கத்திலும் எடுக்கும் படங்கள் எல்லா அல்பத்திலும் ஒரே மாதிரி வருகின்றன. உங்கள் வீட்டு மாடியில், அம்மம்மாவோடு நாலு படம் எடுங்கள்.

ஒட்டியாணம், மேற்கையில் போடும் வங்கி, கெம்பு அட்டியல் எல்லாம் வாடகைக்கே எடுக்கலாம். வெள்ளவத்தையில் பொம்பிளை வெளிக்கிடுத்துகிறவர்கள் பலரிடம் முழு செட்டாக இருக்கும். ஒரு நாளுக்காக அவ்வளவு தங்கம் வாங்கிப் பிறகு லொக்கரில் வைப்பதை விட, அந்தப் பணம் உங்கள் பெயரில் வங்கியில் இருக்கட்டும். தாலிக்கொடி மட்டும் வேறு. அது அசல் தங்கம்தான், அதில் பேச்சில்லை. செட்டியார் தெருவில் ஒரே பவுனுக்குக் கடைக்குக் கடை செய்கூலியும் சேதாரமும் மாறும். மூன்று கடையில் பவுன் விலையை விட்டு இந்த இரண்டையும் மட்டும் எழுதி வாங்கினால் உண்மையான விலை தெரியும். தாலிக்குப் பொன்னுருக்கும் நாளைப் பார்த்தவுடனேயே ஓடர் கொடுங்கள். தை, ஆவணி முகூர்த்தங்களுக்கு முன் கடைகளில் வேலை குவிந்துகிடக்கும். ஒற்றைப்படையில் எத்தனை பவுன் என்பதை இரண்டு வீட்டாரும் பேசி முடிக்கட்டும். கொடியின் நீளத்தை மட்டும் நீங்களே கூறைப் பிளவுஸோடு போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள், தங்கச்சி.