அட்லாண்டிக் சிட்டியின் மூன்று பழைய உணவகங்கள்

நியூ ஜெர்சியின் கடற்கரை நகரமான அட்லாண்டிக் சிட்டிக்கு வருகிறவர்களில் பலர் காசினோவுக்குள் நுழைந்து, அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே உறங்கி ஊர் திரும்பிவிடுகிறார்கள். 1978-இல் முதல் காசினோ திறந்ததிலிருந்து இந்த ஊரின் பழைய உணவகங்களுக்கு நேர்ந்த பெரிய மாற்றம் இதுதான்: ஊருக்கு வந்த வாடிக்கையாளர் தெருவுக்கு வருவதில்லை. 2014-இல் ஒரே ஆண்டில் நான்கு காசினோக்கள் மூடப்பட்டபோது அவற்றுக்குள் இருந்த சாப்பாட்டுக் கூடங்களும் இருண்டன. ஆனால் காசினோ என்ற பேச்சே எழாத காலத்தில் தொடங்கிய சில உணவகங்களில் இன்னும் அடுப்பு எரிகிறது.

அவற்றில் மூத்தது, 1897-இல் தொடங்கி இன்றும் டோகர்ட்டி குடும்பத்தின் கையிலேயே இருக்கும் டாக்ஸ் ஆய்ஸ்டர் ஹவுஸ். பொடித்த பனிக்கட்டியின் மேல் வட்டமாக அடுக்கி வரும் சிப்பிகளை எலுமிச்சைச் சாற்றைத் தவிர வேறெதுவும் சேர்க்காமல் முதலில் ஒன்று சாப்பிட்டுப் பார்க்க வேண்டும்; ஓட்டின் குழியில் தேங்கியிருக்கும் உப்புநீரைச் சிந்திவிட்டால் பாதிச் சுவை போய்விடும். பியானோ இசை காதில் விழுந்தாலும் எதிரில் இருப்பவரின் பேச்சை அமுக்குவதில்லை. வார இறுதியில் முன்பதிவு இல்லாமல் போவது வீண்.

இதே குடும்பம் 2005-இல் வாங்கிப் புதுப்பித்ததுதான் நைஃப் அண்ட் ஃபோர்க். 1912-இல் ஊர்ப் பெரிய மனிதர்கள் தங்களுக்கென்று அமைத்துக்கொண்ட தனி மன்றமாக இருந்து, பின்னர் பொது உணவகமாக நிலைத்த இந்தக் கட்டடத்தின் வெளிச்சுவரில் கத்தியும் முட்கரண்டியும் இன்றும் அலங்காரமாக நிற்கின்றன. கைமாறிய பழைய உணவகம் என்றாலே எனக்கு ஐயம் எழுவது வழக்கம். இங்கே வாங்கியவர்கள் இந்தத் தொழிலையும் இந்த ஊரையும் தலைமுறைகளாக அறிந்தவர்கள் என்பது மரவேலைப்பாட்டிலேயே தெரிகிறது. இறைச்சித் துண்டை நான் கேட்ட பதத்திலேயே கொண்டுவந்தார்கள். ஆனால் செலவைப் பார்த்தால் இது அடிக்கடி போகும் இடமன்று.

எல்லாக் கைமாற்றமும் இப்படி அமைவதில்லை. இதே கடற்கரையில், பெயர்ப்பலகையில் பழைய ஆண்டைப் பெரிதாகப் போட்டிருந்த வேறோர் இடத்தில், உள்ளே ஐஸ் கரையாத மீனை வறுத்து வைத்தார்கள். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

என் மனம் போவது 1946-இல் தொடங்கிய ஒயிட் ஹவுஸ் சப் ஷாப்புக்குத்தான். சலாமி, ஹாம் ஆகிய பதப்படுத்திய இறைச்சிகள், புரவலோன் சீஸ் ஆகியவற்றின் மேல் எண்ணெயும் மிளகாய்க் கலவையும் இட்டு நீண்ட ரொட்டிக்குள் அடைத்துத் தருகிறார்கள்; இதைத்தான் சப் என்கிறார்கள். முழு சப் ஏறக்குறைய இரண்டடி நீளம் என்பதால் ஒருவருக்குப் பாதியே தாராளம். சுவரெங்கும் இங்கே வந்துபோன பிரபலங்களின் படங்கள். 1964-இல் இந்த ஊரில் பாட வந்த பீட்டில்ஸ் குழுவினர் ஆளுயர சப் ஒன்றுடன் நிற்கும் படத்தைத் தேடிப் பார்க்காமல் யாரும் கிளம்புவதில்லை. காசினோவை விட்டு வெளியே வராதவர்களுக்காக ஹார்ட் ராக் காசினோவுக்குள்ளேயே இவர்கள் ஒரு கிளையும் வைத்திருக்கிறார்கள். கூட்டம் வரவில்லையென்றால் கூட்டம் இருக்கும் இடத்துக்குப் போவது நல்ல வியாபாரப் புத்திதான். ஆனாலும் நான் ஆர்க்டிக் அவென்யூவின் பழைய கடைக்கே போவேன். அங்கே ரொட்டியின் மேலோடு பல்லில் பட்டதும் நொறுங்கும், உட்புறம் எண்ணெயை உறிஞ்சி மெத்தென்று இருக்கும். காகிதத்தில் சுற்றி வீட்டுக்கு எடுத்துவந்தால் அந்த நொறுங்கல் வழியிலேயே போய்விடுகிறது. அதனால் இடத்துக்குக் காத்திருக்க வேண்டியிருந்தாலும் உட்கார்ந்தே சாப்பிடுங்கள்.