சைக்கிளுக்கு எந்த இன்ஜின்: 52 சிசி டூ-ஸ்ட்ரோக்கா, ஹோண்டா ஜிஎக்ஸ்35-ஆ?

புல்வெட்டி இன்ஜினைச் சைக்கிளில் மாட்ட நினைப்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டுக்கு நடுவில்தான் தடுமாறுகிறார்கள்.

விலை: டூ-ஸ்ட்ரோக் மலிவு. ஹோண்டா பல மடங்கு.

ஆயில்: டூ-ஸ்ட்ரோக்குக்கு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக்குக்கென்றே வரும் ஆயில்) கலக்க வேண்டும். 35.8 சிசி ஹோண்டா ஃபோர்-ஸ்ட்ரோக், அதற்கு வெறும் பெட்ரோல். இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸில் தனியாக 100 மில்லி ஆயில்.

இழுவை: மேட்டில் 52 சிசிதான்.

ஆயுள்: ஹோண்டாவே, ஆயில் அளவைப் பார்த்துக்கொண்டால். டூ-ஸ்ட்ரோக்கில் நீண்ட இறக்கத்தில் ஆக்சிலேட்டரை முழுதாக மூடி ஓட்டாதீர்கள். பெட்ரோலோடு ஆயிலும் நின்று பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

எதை வாங்கினாலும் கிளட்ச் டிரம்முக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே 20:1 குறைப்பு வேண்டும், அதாவது டிரம் 20 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. 26 அங்குலச் சக்கரத்தில் 6000 ஆர்பிஎம்முக்கு மணிக்கு ஏறத்தாழ 37 கிமீ வரும். பலர் வேகத்துக்கு ஆசைப்பட்டு 12:1 வைக்கிறார்கள். கிளட்ச் முழுதாகப் பிடிக்காமல் வழுக்கும். டிரம் சூடேறி நீலம் பூக்கும், ஸ்பிரிங் தளரும். கழற்றிப் பார்த்தால் நீலம் கண்ணுக்கே தெரியும்.

இந்தியச் சட்டப்படி 25 சிசியைத் தாண்டினாலே மோட்டார் வாகனம். இரண்டையும் பொதுச்சாலைக்குக் கொண்டுவராதீர்கள்.

மேடான தோட்டம், குறைந்த பட்ஜெட் என்றால் டூ-ஸ்ட்ரோக். சமதளம், தினசரி ஓட்டம், குறைந்த இரைச்சல் என்றால் ஹோண்டா.