அம்மை பேர்ல எத்தன சிம்? சஞ்சார் சாத்தி ரிவ்யூ

மார்த்தாண்டத்துல ஒரு கடைல சிம் வாங்க அம்மை குடுத்த ஆதார் ஜெராக்ஸ வச்சு எவனோ இன்னொரு சிம்மும் எடுத்திருக்கான், அது தெரிஞ்சதே மத்திய அரசுக்க சஞ்சார் சாத்தி சைட்டாலதான். அம்மைக்க நம்பரையும் ஓடிபியையும் போட்டதும் அவங்க பேர்ல உள்ள நம்பர் எல்லாம் வரிசையா வந்துச்சு, நம்மளது இல்லாதத அங்கயே டிக் பண்ணி ரிப்போர்ட் அடிச்சாச்சு, பைசா செலவில்ல. ஒரு ஆளுக்கு 9 சிம் வரைக்கும் எடுக்கலாம், அப்ப ஒண்ணு கூடினா யாருக்கு தெரியும் சொல்லுங்க! ஆனா இதுல லோன் விவரம் பாக்க முடியாது, நம்ம பேர்ல எவனாவது லோன் எடுத்திருக்கானான்னு பாக்க சிபில் ரிப்போர்ட்டுக்குதான் போணும், அது வருசத்துக்கு ஒரு தடவ ஃப்ரீ. கல்ஃப்ல ஆள் இருக்க வீட்டுக்காரங்க ஊர் நம்பரையும் ஒருக்கா பாத்துக்கிடுங்க. 5க்கு 4 குடுக்கலாம்.