மூண்டு வருசம் பாவிச்ச நிவாரண ஸ்டொக் அப்: பச்சை எண்டால் சாமான் போய்ச் சேர்ந்திட்டுது எண்டில்லை

வவுனியாவில இருக்கிற கூட்டாளி போன கிழமை எடுத்துக் கேட்டவன், உங்கட நிவாரண ஸ்டோர்ல பாவிக்கிற அந்த அப் நல்லமோ, நாங்களும் எடுக்கட்டோ எண்டு. போனில சொல்லி முடியாது, அதான் எழுதுறன்.

எனக்குச் சரியான சந்தோசம் தந்தது ஒண்டு இருக்கு. எந்தச் சாமான் முதல்ல பழுதாகுமோ அது முதல்ல வெளிய போகவேணும் எண்டு அதுவே வரிசைப்படுத்தித் தரும். முந்திக் கொப்பியில எழுதேக்க புது லோட் முன்னுக்கு ஏறிடும், பழைய பருப்பு சுவரோட கிடந்து வண்டு விழும், பசியில கிடக்கிற சனத்துக்குப் போகவேண்டிய மூட்டையள நானே கொட்டினனான். இந்த மூண்டு வருசத்தில ஒண்டும் கொட்டேல்லை. ஆளுக்கு நாளுக்கு 2,100 கிலோகலோரி எண்ட கணக்கில, எத்தினை குடும்பம் எத்தினை ஆக்கள் எண்டு போட்டால் அரிசி மா எண்ணெய் எல்லாம் உடன வரும்.

ஆனால் நெடுந்தீவு, அது கடலுக்கு அங்கால இருக்கிற தீவு.

குறிகட்டுவான் துறையில இருந்து படகில ஒரு மணித்தியாலம் எண்டு அப்பில ஒருக்கால் பதிஞ்சாப் பதிஞ்சதுதான், சோளகக் காத்துக்கும் அதே மணித்தியாலம் வாடைக் காத்துக்கும் அதே மணித்தியாலம். 2024 கார்த்திகையில ஃபெங்கல் புயல் மழைக்குள்ள ஸ்டோர்ல இருந்து லொறி வெளிக்கிட்ட என்ட்ரி போட்ட உடன ஸ்கிரீன்ல நெடுந்தீவு பச்சை, சாமான் போய்ச் சேர்ந்த மாதிரி. சாமான் துறையில தறப்பாளுக்குக் கீழ, படகு ஓடேல்லை. நெடுந்தீவு ஜீஎஸ் (கிராம அலுவலர்) ஐயா போன் எடுத்து "தம்பி இஞ்ச ஒண்டும் வரேல்லை" எண்டார், நான் பச்சையைப் பார்த்துப்போட்டு "அனுப்பியாச்சு ஐயா" எண்டன். அந்த மறுமொழி இப்பவும் நெஞ்சுக்குள்ள குத்துது.

சனத்தின்ர கையில கிடைச்சதுக்கெண்டு தனிக் கட்டம் தாங்கோ எண்டு கம்பனிக்கு எத்தினை தரம் எழுதினது. இரண்டு அப்டேட் வந்தது, சார்ட்டின்ர நிறம்தான் மாறினது. உலக உணவுத் திட்டத்துக்கு 2021இல, கணக்குப் போட்டு வேலையைச் சீராக்கிறதுக்குக் குடுக்கிற எடல்மன் விருது கிடைச்ச வேலையில ஒப்டிமஸ் எண்ட கருவியும் ஒண்டு, அது என்ன சாப்பாடு, எங்க வாங்கிறது, எந்தப் பாதையால கொண்டுபோறது எண்டு மூண்டையும் ஒண்டாச் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்கும். பாதையை விட்டிட்டு என்ன கணக்கு?

வவுனியாவில கடல் இல்லை, உனக்குச் சரிவரும் எண்டு நினைப்பாய். குளம் உடைச்சு ரோட்டு மூடினால் உனக்கும் பச்சைதான் காட்டும். எடுக்காத மச்சான்.

நான் இப்ப நெடுந்தீவில ஆக்கள் கையெழுத்து வச்ச தாளின்ர படம் போனுக்கு வந்தாப் பிறகுதான் லொறி வெளிக்கிட்ட என்ட்ரியைப் போடுறனான். அதால ஸ்டொக் கணக்கு இரண்டு மூண்டு நாள் பிந்துது, பிந்தட்டும்.