கார்வெட் சி6 ஸ்டாக் போல்ட் லோயரிங்: காசு மிச்சம், முதுகு போச்சு

என்கிட்ட இருக்குறது 2008 சி6, அதாவது செவர்லே கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரோட ஆறாவது தலைமுறை, எல்எஸ்3ங்குற வி8 இன்ஜின், செகண்ட் ஹேண்ட்ல வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சு. ஓட்டுறதுல ஒரு குறையும் இல்ல. ஆனா பார்க் பண்ணிட்டு திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவுல இருக்குற கேப் கண்ண உறுத்தும், நாலு விரல் தாராளமா உள்ள போகும். வண்டி உயரத்த குறைக்குற லோயரிங் கிட் வாங்கலாம்னு தேடினப்பதான் தெரிஞ்சது, இந்த வண்டிக்கு ஒண்ணும் வாங்க வேணாம், கம்பெனி போட்டு அனுப்புன போல்ட்டையே திருப்பினா வண்டி இறங்கும்னு.

ஏன்னா இதுல சுருள் ஸ்பிரிங்கே கிடையாது. முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணுன்னு குறுக்கால ஃபைபர் கிளாஸ் பட்டை, நம்மூர் லாரிக்கு போடுற பட்டையோட பணக்கார சொந்தக்காரன்னு வச்சுக்கோங்க. 2019 வரைக்கும் வந்த அடுத்த தலைமுறை சி7லயும் இதே கதைதான், 2020ல இன்ஜின் பின்னாடி போன சி8லதான் சுருளுக்கு மாத்தினாங்க. பட்டையோட ரெண்டு முனைலயும் ஒரு போல்ட் இருக்கும். முன்னாடி அந்த போல்ட் ரப்பர் பாதம் வச்சு கீழ் ஆர்ம் (சக்கரத்த ஃபிரேமோட இணைக்குற கை) மேல உக்காந்து அத கீழ தள்ளுது, அதனால போல்ட்ட பட்டைக்குள்ள ஏத்தினா வண்டி இறங்கும். பின்னாடி தலைகீழ், பட்டை ஆர்முக்கு கீழ இருந்துகிட்டு நீள போல்ட் வழியா அத கீழ இழுக்குது, அங்க லூஸ் பண்ணினாதான் இறங்கும். இது புரியாம ரெஞ்ச எடுத்தா முன்னாடி ஏத்திட்டு பின்னாடி இறக்கிட்டு நிப்பீங்க.

வேலை நாள் அன்னைக்கு மச்சான் ஹெல்ப்புக்கு வந்தான். முதல் பிரச்சனையே ஜாக்தான், வண்டி ஏற்கனவே தாழ்வு, சாதா ஜாக் உள்ளயே போகல, ரெண்டு மரப்பலகைய போட்டு அது மேல வண்டிய ஏத்தி அப்புறம்தான் ஜாக்க தள்ளினோம். ஃபிரேம்ல ஜாக் வைக்குற இடத்துல ஓட்டை இருக்கு, அதுல மாட்டுற ரப்பர் பக் (ஜாக்குக்கும் ஃபிரேமுக்கும் நடுவுல வைக்குற கட்டை) நாலு கண்டிப்பா வாங்கிடுங்க, இடம் மாறி வச்சா பக்கவாட்டு பேனல் உடையும். ஸ்டாண்ட் போடாம கைய உள்ள விடவே விடாதீங்க, இதுல பேச்சே கிடையாது.

திருப்புறதுக்கு முன்னாடி ஒவ்வொரு போல்ட்லயும் வெள்ள பெயிண்ட் மார்க்கர்ல ஒரு கோடு போட்டேன், எத்தன சுத்துன்னு எண்ண. அப்படியும் முன்னாடி இடது பக்கம் மச்சான் பேசிகிட்டே திருப்பி கணக்க விட்டுட்டான், "மாமா ஆறா ஏழா?"ன்னு என்னையே கேக்குறான். ரெண்டு பக்கமும் ஒரே உயரத்துல இல்லன்னா நாலு டயர்லயும் விழுற வெயிட் மாறிடும், அதனால மறுபடி முதல்ல இருந்து. பின்னாடி போல்ட் துரு ஏறி கல்லு மாதிரி, முந்தின ராத்திரியே எண்ணெய் அடிச்சு வச்சும் ஒவ்வொரு கால் சுத்துக்கும் முனகுச்சு. அங்க பேராச பட்டு கடைசி மரை வரைக்கும் விடாதீங்க, நட்டுக்குள்ள மரை முழுசா இருக்கணும், அதுக்கும் கீழ வேணும்னா நீள போல்ட் தனியா விக்குது.

வீல மாட்டி நட்ட 100 அடி பவுண்ட் டார்க்ல டைட் பண்ணி கீழ இறக்கி ஆசையா பார்த்தா வண்டி முன்ன விட உயரமா நிக்குது! மச்சான் சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல கேக்குது. விஷயம் என்னன்னா தொங்கி இருந்த சக்கரம் உள்வாங்கி இருக்கும், டயர் தரைய கவ்விகிட்டு வெளிய நகராது, கொஞ்ச தூரம் ஓட்டினாதான் உக்காரும். தெருவ நாலு ரவுண்டு அடிச்சிட்டு வந்து டேப் வச்சு அளந்தேன், நாலு பக்கமும் முக்கால் இஞ்ச் இறங்கிருந்துச்சு. பார்க்க அப்படி ஒரு அழகு.

செலவுன்னு பார்த்தா வீல் அலைன்மெண்ட்தான், அத தவிர்க்கவே முடியாது. இறக்கினா கேம்பரும் (முன்னாடி இருந்து பார்த்தா சக்கரம் சாயுற கோணம்) டோவும் (மேல இருந்து பார்த்தா சக்கரம் உள்ளயோ வெளியயோ திரும்புற கோணம்) ரெண்டுமே மாறும், டோ கெட்டுச்சுன்னா உள்பக்க டயர் மொழுமொழுன்னு ஆயிடும், இந்த சைஸ் டயர் விலை தெரிஞ்சவங்களுக்கு வயிறு கலங்கும். முதல்ல போன கடைக்காரர் எட்டிப் பார்த்துட்டு "இறக்கின வண்டிய தொட மாட்டோம்"னு அனுப்பிட்டார், போல்ட் கம்பெனி போல்ட்தான்னு சொல்லியும் கேக்கல. ரெண்டாவது கடைல 120 டாலர், பிரிண்ட் அவுட்டோட குடுத்தாங்க.

ஓட்டும்போது கிடைக்குற சொகுசு கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கு, ஸ்பிரிங் மாறலல்ல. குறைன்னா முன்னாடி கீழ தொங்குற ரப்பர் ஏர் டேம் (காத்த திருப்பி விடுற பட்டி), அபார்ட்மெண்ட் ஸ்பீடு பிரேக்கர்ல தினமும் சர்ர்னு உரசுது. எரிச்சல்ல கழட்டி போட்டுடாதீங்க, ரேடியேட்டருக்கு காத்து அது வழியாதான் திரும்புது, அத எடுத்தா டெம்பரேச்சர் ஏறும். நான் இப்ப சாய்வா ஏறி பழகிட்டேன், பின்னாடி வர்றவன் ஹாரன் அடிப்பான், அடிக்கட்டும்.

அஞ்சுக்கு நாலரை. அரை மார்க் குறைச்சது அந்த பின்னாடி போல்ட்டுக்காக, முழங்கை தோல் போனது இன்னும் ஆறல.